உட்கார ஓர் இடம்

சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை என் வரைபடத் தாள்களும் மறுபாதியை உர்சுலாவின் மருந்துப் பெட்டிகளும் பிடித்துக்கொண்டிருந்தன. அன்று காலை நான் சுவர் மாடங்களின் அகலத்தை ஒரு விரற்கடை குறைத்திருந்தேன். ஒன்றைக் குறைத்தால் பக்கத்தில் இருப்பது நகரும், அது நகர்ந்தால் கல்லின் அளவு மாறும், கல்லின் அளவு மாறினால் எல்லாத் தாள்களையும் திரும்ப வரைய வேண்டும். இன்னும் ஒரு வாரத்துக்காவது வேலை இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலை நீள்வதில் நிம்மதி அடைகிற ஆர்க்கிடெக்டை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளாது. நல்லவேளை, நான் ஓய்வு பெற்றவன்.

உர்சுலா அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் இரண்டு இடத்தில் நிற்பாள். ஒன்று குளிர்பெட்டி, இன்னொன்று திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருக்கிற சின்ன அலமாரி. எழுந்துபோய்க் கையைப் பிடித்தால் கோபம் வரும். அதனால் நான் தாளைப் பார்ப்பவன்போல் அவள் காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ரெண்டு ஸ்பூன் ஓட்ஸ் உள்ள போச்சு. போதும்." நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள். "படம் முடிஞ்சுச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"போன வாரமும் கொஞ்சந்தான் இருந்துச்சு," என்றாள். பிறகு மருந்துகளில் எதையோ தேடுவதற்காகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அத்தோடு விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

நான் வரைந்துகொண்டிருந்தது எங்கள் கிள்ளான் கோயிலுக்கு ஒரு சாம்பல் சுவர். கல்லறைத் தோட்டத்தில் புதிதாகக் குழி வெட்ட இடம் இல்லை. எரிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். எரித்த சாம்பலை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, கடலில் கரைக்கவும் கூடாது, புனிதமான ஓர் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். ஆகவே கோயிலுக்குப் பின்னால், மாதா சொரூபம் இருக்கும் கெபிக்கும் வேலிக்கும் நடுவில் சும்மா கிடக்கிற நிலத்தில் மாடங்கள் வைத்த ஒரு நீளச் சுவர் எழுப்பலாம் என்று பங்குத்தந்தை திமோத்தி முடிவெடுத்தார். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என் தோளில் கை வைத்து, "அங்கிள், ஏர்போர்ட் எல்லாம் கட்டுன கை, நமக்கு ஒரு சுவர் கட்டிக் குடுக்காதா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த உர்சுலா என்னைப் பார்த்தாள். நான் கோப்பைக்குள் பார்த்தேன். அப்போது அவளுக்கு வயிற்றில் லேசான வலி மட்டும்தான் இருந்தது. வாயுக்கோளாறு என்று இஞ்சி தட்டிப்போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஏர்போர்ட் கட்டிய கை என்பது ஊர் எனக்குக் கட்டிவிட்ட பெயர். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் உர்சுலாவின் அண்ணன்மார் அதை இன்னும் ஊதிப் பெரிதாக்கினார்கள். உண்மை என்னவென்றால், தொண்ணூற்றேழில் நாட்டுப் பணத்தின் மதிப்பு சரிந்து கோலாலம்பூரில் பாதிக் கட்டடங்கள் எலும்புக்கூடாக நின்றபோது நான் வேலை போய் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினேன். அங்கிருந்து டோஹா, டோஹாவிலிருந்து பாக்கு நகரம், திரும்பவும் டோஹா. பெரிய நிறுவனங்களில் ஒரு கட்டடத்தை ஒரே ஆள் வரைவதில்லை. முகப்பை ஒருவன் வரைவான், கூரையை ஒருவன். எனக்கு வாய்த்தவை படிக்கட்டுகளும் கழிவறைகளும். தீப்பிடித்தால் ஜனங்கள் ஓடி இறங்குகிற படிக்கட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் இது ஸ்டானிஸ்லாஸ் கட்டியது என்று விரல் நீட்டிச் சொல்ல முழுசாக ஒரு கட்டடம் இல்லை. இது உர்சுலாவுக்குத் தெரியும். யாராவது ஏர்போர்ட் என்று ஆரம்பித்தால், "ஆமா, அதுல டாய்லெட் ரொம்ப நல்லா இருக்கும்," என்பாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்கு வலித்திருக்கும்.

அவள் கிள்ளானிலேயே இருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து, மகள் வனேசாவையும் படிக்க வைத்துக்கொண்டு, இந்தத் தெரஸ் வரிசை வீட்டின் கடனையும் கட்டி முடித்தாள். டிசம்பர் விடுமுறை வந்தால் மட்டும் பெட்டியோடு நான் இருக்கும் ஊருக்கு வருவாள். அங்கிருந்து எங்காவது போவோம். அந்த வேலை எனக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான். இஸ்தான்புல், கெய்ரோ, சமர்கண்ட், லிஸ்பன். கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவனுக்கு இதெல்லாம் கனவில் வந்திருக்கவும் நியாயம் இல்லை. ஒவ்வோர் ஊரிலும் நான் கட்டடங்களைச் சுற்றிச் சுற்றி வருவேன், காலடியால் அளப்பேன், தூணைத் தட்டிப் பார்ப்பேன், சின்னத் தாளில் கிறுக்குவேன். உர்சுலா மெழுகுச் சாயமிட்ட ஒரு பத்திக் துணியைக் கைப்பையில் மடித்து வைத்திருப்பாள். அதைப் படிக்கட்டில் விரித்து உட்கார்ந்துவிடுவாள். நான் எடுத்த படங்களில் எல்லாம் பின்னால் உலகப் புகழ்பெற்ற ஏதோ ஒன்று நிற்கும், முன்னால் படிக்கட்டில் என் மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் விரல்களை நீவிக்கொண்டிருப்பாள்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, இனி அவளை அவசரம் இல்லாமல் கூட்டிப் போக வேண்டும் என்று திட்டம் போட்டேன். வலி வந்தது. மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடினார்கள். கொஞ்ச காலம் மருந்து ஏற்றினார்கள். பிறகு அந்தச் சீனப் பெண் டாக்டர், உர்சுலாவின் பழைய மாணவியாம், அழாமல் இருக்க முயன்றுகொண்டே, "டீச்சர், இனிமே வீட்டிலேயே இருங்க," என்று மலாயில் சொன்னாள். உர்சுலாதான் அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில், கிள்ளான் பாலத்து நெரிசலில் கார் நின்றபோது, "என்னய எரிச்சிடுங்க," என்றாள். "எங்கப்பாவ எறக்குனப்ப குழியில தண்ணி நின்னுச்சு. மழக்காலம். வாளியில மொண்டு மொண்டு ஊத்துறாங்க, ஊறிக்கிட்டே இருக்கு. பெட்டி தண்ணியில எறங்குன சத்தம் இன்னும் காதுல இருக்கு. எனக்கு அது வேணாம். நீங்க வரையிறீங்கல்ல, அதுல வைங்க."

முன்னால் நின்ற லோரி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். எனக்கு எந்தக் காலால் எதை மிதிப்பது என்றே ஒரு கணம் மறந்துபோனது.

அன்றிலிருந்துதான் அந்தச் சுவர் முடியாமல் போனது. அதுவரை கடகடவென்று ஓடிய பென்சில் திக்கத் தொடங்கியது. கல் நிறம் சரியில்லை என்று தோன்றும். மூடியின் திருகாணி துருப்பிடிக்கும் என்று தோன்றும். எல்லாம் நியாயமான சந்தேகங்கள். எங்கள் தொழிலில் இருக்கும் வசதி இது. எந்தக் கோட்டையும் இன்னும் கொஞ்சம் நல்ல கோடாக ஆக்கலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஃபாதர் திமோத்தி கேட்டால், "மண் ரிப்போர்ட் வரட்டும் ஃபாதர்," என்றேன். சுவரைக் கட்ட ஒத்துக்கொண்ட கேரி தீவு சபாபதி கேட்டால் தொலைபேசியை எடுக்காமல் விட்டேன்.

அந்தச் சபாபதிதான் அதற்குப் பிறகு ஒருநாள் காலை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டிருக்கிறார். உர்சுலா எடுத்துவிட்டாள். நான் துண்டோடு வெளியே வந்தபோது ஸ்பீக்கரில் அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"டீச்சர், நான் பாஸக் கொற சொல்லல. டிராயிங் குடுத்தா போதும், மறுநாளே கல்லும் மண்ணும் லோரியில வந்து எறங்கும். ஆளுங்கள சும்மா வச்சிருக்கேன் லா. மழை சீசன் புடிச்சுக்கிட்டா அந்த எடத்துல மண்வெட்டி எறங்காது. பாஸுக்கு ஏதும் மனசு சரியில்லையா?"

"நான் சொல்றேன் சபாபதி. நீங்க வைங்க."

போனை மேசையில் குப்புற வைத்தாள். நான் உடுத்திக்கொண்டு வருவதற்கு நேரம் கொடுத்தாள். ஆசிரியைகளுக்கு இருக்கும் பொறுமை அது, பையன் தானாக வந்து நிற்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

"டோஹால ஒரு நாளாச்சும் படத்த லேட்டா குடுத்திருக்கீங்களா?"

"அது வேற, உர்சி."

"என்ன வேற?"

என்னிடம் நியாயமான காரணங்கள் வரிசையாக இருந்தன. கல், திருகாணி, மண் ரிப்போர்ட். ஆனால் வாயைத் திறந்ததும் அவை வரவில்லை. "முடிச்சா நீ போயிருவ," என்றேன். அறுபத்தைந்து வயதில், ஈரத் தலையோடு, சின்னப் பையன்போல் அதைச் சொல்லிவிட்டு நின்றேன்.

வெளியே ரொட்டிக்காரனின் மோட்டார் சைக்கிள் ஹார்னை அழுத்திக்கொண்டே தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தது.

"முடிக்காட்டி போகமாட்டேனா?" என்றாள் கடைசியில். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "எவ்ளோ ஊருக்குக் கூட்டிட்டுப் போனீங்க. இது பாரு உர்சி, அது பாரு உர்சின்னு. எல்லாம் எவனோ கட்டுனது. நீங்க கட்டுனது ஒண்ணுகூட நான் பாத்ததில்ல. டாய்லெட்டத் தவிர." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இத நான் பாத்துட்டுப் போகணும்," என்றாள்.

அன்று நான் தாள்களைத் தொடவில்லை. மனக்கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்றே படத்தைக் கொடுத்தாலும், நகராண்மைக் கழக அனுமதி, அஸ்திவாரம், கல் அறுப்பது, பொருத்துவது என்று சுவர் எழும்ப அடுத்த வருடம் நடுப்பகுதி ஆகும். உர்சுலாவுக்கு அவ்வளவு காலம் இல்லை. டாக்டர் சொன்னதை நாங்கள் இருவரும் கேட்டிருந்தோம். நான் தாமதித்துத் தாமதித்து அவளைப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். உண்மையில் அவள் பார்க்க ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். அது புரிந்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விலை உயர்ந்த கல்லை வெட்டுவதற்கு முன் அந்தச் சுவரில் ஒரு துண்டை மட்டும், அசல் உயரத்தில், அசல் அகலத்தில் வெறும் மாதிரியாகக் கட்டி நிறுத்திப் பார்ப்போம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். டோஹாவில் பாலைவனத்தின் நடுவில் ஏர்போர்ட்டின் ஒரு மூலை மட்டும் தனியாக நின்றிருக்கிறது. பெரிய மனிதர்கள் வந்து சுற்றிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன பிறகு அதை இடித்துப் போடுவார்கள். தாளில் கண்ணுக்குத் தப்பிய தவறெல்லாம் மாதிரியில் முகத்தில் அறையும்.

ஜாலான் தெங்கு கிளானாவில் பூக்கடைகளுக்குப் பின்னால் ராஜனின் மளிகைக் கடை இருக்கிறது. அங்கே போய்க் கார் கொள்ளுமட்டும் காலி அட்டைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தேன். பெரும்பாலும் படம் போட்ட சார்டின் மீன் டின் பெட்டிகள், கொஞ்சம் பிஸ்கட், கொஞ்சம் மைலோ. காரை வெளியே நிறுத்திவிட்டு, போர்ச்சில் வேலையை ஆரம்பித்தேன். கத்தியும் ஒட்டுநாடாவும் அளவுகோலும் கையில் வந்ததும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கீழே அடித்தளத்துக்கு மூடிய பெட்டிகளை அடுக்கினேன். அதற்கு மேல் முகத்தை அறுத்து மாடங்கள் வைத்த பெட்டிகள், வரிசை மேல் வரிசையாக. காற்றில் சாயாமல் இருக்கப் பின்னால் ஏணியைக் கட்டினேன். எதிர்வீட்டுப் புனிதா ஆன்டி துணி காயப்போட வந்தவள் கேட்டின் கம்பி வழியே எட்டிப் பார்த்து, "என்னா அங்கிள், புறா வளக்கப் போறீங்களா?" என்றாள். "ஆமா," என்றேன். வேறு என்ன சொல்வது?

சாயங்கால மழைக்கு வானம் கறுத்துக்கொண்டிருந்தபோது உர்சுலாவை வெளியே கூட்டி வந்தேன். அன்று கையைப் பிடிக்க விட்டாள். வாசற்படியில் நின்று பார்த்தாள். பழைய பள்ளிக்கூடப் பார்வை, பலகையில் பையன் போட்ட கணக்கை மேலிருந்து கீழாகப் படிக்கிற பார்வை. பிறகு மெதுவாக நடந்து போய் ஒரு மாடத்துக்குள் கையை விட்டாள். முழங்கைவரை உள்ளே போனது.

"ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு ஜாடி வைக்கலாம். முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு."

"அப்ப சரி," என்று கையை எடுத்தாள். "அழகா இருக்கு. நெசமா. சார்டின்னு எழுதியிருந்தாக்கூட அழகா இருக்கு." சொல்லும்போதே மூச்சு வாங்கியது. "நிக்க முடியல. நாற்காலி எடுத்துட்டு வாங்க."

உள்ளேயிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சுவருக்கு எதிரே போட்டேன். அவள் உட்கார்ந்தாள். பத்திக் துணியை மடியில் போட்டுக்கொண்டு நேரே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"என்னா பாக்குறேன் தெரியுமா?" என்றாள். "ஒண்ணும் இல்ல. வெறும் பெட்டிதான் பாக்குறேன். மாடமெல்லாம் என் தலைக்கு மேல இருக்கு."

அவள் பக்கத்தில் குனிந்து, அவள் கண் இருக்கும் உயரத்திலிருந்து பார்த்தேன். உண்மைதான். அடித்தளம் மட்டுமே தெரிந்தது. கிள்ளானில் வெள்ளம் வரும், நனையக் கூடாதென்று அதை உயர்த்தியிருந்தேன். அதற்கு மேல் வருவதையெல்லாம் நிற்கிற மனிதனின் கண்ணுக்கு வைத்துத்தான் வரைந்திருந்தேன்.

"ஒக்கார்றதுக்கு எங்க எடம் வச்சிருக்கீங்க?"

"வைக்கல."

"ஏன்?"

என் வாயிலிருந்து பதில் தானாக வந்தது. "எடம் வச்சா ஆளுங்க வந்து படுத்துக்குவாங்க." சொன்ன பிறகுதான் அது என் சொல் இல்லை என்று உறைத்தது. வளைகுடாவில் நான் வரைந்த ஒவ்வொரு முற்றத்திலும், ஒவ்வொரு நடைபாதையிலும் பெஞ்சுகளைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு முதலாளிகள் சொன்ன காரணம் அது. முதலில் ஒரு தடவை வாதாடினேன். பிறகு அவர்கள் அடிப்பதற்கு முன்பே நானே வரையாமல் விட்டேன். அப்புறம் அது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

"டோஹால வெள்ளிக்கெழமை லீவானா நம்ம ஆளுங்க ரோட்டோரத்துல வரிசையா குந்தியிருப்பாங்களே," என்றாள் உர்சுலா. "வெயில்ல. போன்ல வீட்டுக்குப் பேசிக்கிட்டு. நான் கேட்டேன், இவ்ளோ பெரிய ஊருல ஒரு பெஞ்ச் இல்லியான்னு. நீங்க பேச்ச மாத்திட்டீங்க." பத்திக் துணியின் ஓரத்தை விரலால் நிமிண்டினாள். "நான் மட்டும் என்ன? ஒலகம் பூரா படிக்கட்டுலதான் ஒக்காந்திருக்கேன்."

அவள் குறை சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள்.

"கல்லறைத் திருநாளுக்கு நம்மூருல யாராச்சும் நின்னு பாத்துட்டுப் போறத பாத்திருக்கீங்களா? வாளியும் பிரஷுமா வருவாங்க. கழுவுவாங்க. பூ வைப்பாங்க, மெழுகுவத்தி கொளுத்துவாங்க. அப்புறம் ஒக்காந்துருவாங்க. நாசி லெமாக் சோத்தப் பொட்டலமா தபாவ் பண்ணிட்டு வந்து அங்கயே பிரிச்சுத் தின்னுவாங்க. எங்கம்மா எங்கப்பாகிட்ட கூரை ஒழுகுறது மொதக்கொண்டு எல்லாத்தையும் சொல்லி முடிச்சாதான் எந்திரிக்கும். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சிட்டுப் போயிடுவாரு, இது இன்னும் பேசிக்கிட்டிருக்கும்." கையை நீட்டிச் சுவரைக் காட்டினாள். "இதுகிட்ட எப்படிப் பேசுறது? மெழுகுவத்தி எங்க நிக்கும்?"

மெழுகுவத்தி நிற்க ஒரு விளிம்புகூட நான் வைக்கவில்லை. மெழுகு வழிந்தால் கல் கறைபடும் என்பதற்காகவே முகப்பை வழுவழுவென்று, ஈ உட்கார்ந்தாலும் வழுக்கும்படி வரைந்திருந்தேன். வருடா வருடம் நவம்பரில் அப்பா அம்மா கல்லறையைக் கழுவப் போகிறவன்தான் நான். ஈரத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு அவர்களிடம் மனசுக்குள் புலம்புகிறவன்தான். பென்சிலை எடுத்ததும் அந்த ஆள் எங்கே போய்விடுகிறான் என்று தெரியவில்லை.

தெருக்கோடியில் மழை வருகிற சத்தம் கேட்டது. புனிதா ஆன்டி ஓடிவந்து துணிகளை வாரிக்கொண்டு போனாள்.

"சரி, எனக்கு எது?" என்றாள் உர்சுலா.

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் இத்தனை மாதமாக விரற்கடைகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். "நீயே சொல்லு," என்றேன்.

அவள் நிமிர்ந்து, ஏணியின் தலை தெரிகிற மேல் வரிசையைப் பார்த்தாள். "அங்க."

"அவ்ளோ மேலயா? எட்டாது, உர்சி."

"எட்டக் கூடாது. உங்கள எனக்குத் தெரியும். கைக்கு எட்டுற எடத்துல வச்சா தெனமும் வந்து நிப்பீங்க. சாப்புட மாட்டீங்க. வனேசா அவ இருக்கிற பெர்த் ஊருக்குக் கூப்பிட்டா போக மாட்டீங்க. வெளிய போறதுன்னா இந்த ரெண்டு காலுக்கும் எவ்ளோ ஆசை. மேல வைங்க. வருசத்துக்கு ஒரு தடவ அண்ணாந்து பாத்துட்டுப் போங்க, போதும்."

"ஏணி எடுத்துட்டு வருவேன்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டா?"

"வருவேன்," என்றேன். "தெனமும் ஏணியத் தூக்கிட்டு வருவேன். ஃபாதர் வையட்டும். வந்து பாத்துட்டுத்தான் பசியாறுவேன். நீ என்ன சொன்னாலும் வருவேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் அவள் முகத்தில் எல்லாவற்றையும் உருக்கி எடுத்துக்கொண்டு கண்ணை மட்டும் பெரிதாக விட்டுவைத்திருந்தது. மழை போர்ச்சின் தகரத்தில் இறங்கியது. ஓரத்துப் பெட்டிகளில் சாரல் பட்டு அட்டை கறுக்கத் தொடங்கியது. இழுத்து உள்ளே நகர்த்த வேண்டும் என்று தோன்றியது, ஆனால் நான் அசையவில்லை.

"எந்திரிக்கணும்," என்றாள். இரண்டு கையையும் கொடுத்தேன். எழுந்து நின்று மூச்சைச் சரிசெய்துகொண்டாள். "இப்ப நீங்க ஒக்காருங்க."

"எதுக்கு?"

"ஒக்காருங்க, சொல்றேன்."

அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. உர்சுலா சுவரைப் பிடித்தபடி பக்கவாட்டில் போய் நின்றாள். ஒரு கை சார்டின் பெட்டியின் மேல் இருந்தது. விழுந்துவிடுவாளோ, பெட்டிகள் சரிந்துவிடுமோ என்று நான் பாதி எழுந்தேன். "ஆடாதீங்க," என்று அதட்டினாள். பிறகு என் சட்டைப்பையைக் காட்டி, "பென்சில் குடுங்க," என்றாள்.

கொடுத்தேன்.

"நேரா பாருங்க. தலைய தூக்காதீங்க. படத்துக்கு ஒக்கார்ற மாதிரி வேணாம், வீட்ல எப்படி ஒக்காருவீங்க? அப்படி ஒக்காருங்க."

தோளைத் தளர்த்தினேன். முதுகு தானாகக் கூனியது. அவள் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, என் முகத்தையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஊர் ஊராக நான் தூண்களையும் வளைவுகளையும் பார்த்தது அப்படித்தான். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அதைத்தான் அத்தனை டிசம்பர்களும் பார்த்திருக்கிறாள். என் கண்ணின் உயரத்துக்கு நேரே பென்சில் முனையை அட்டையில் வைத்தாள். நான் மாடமே வைக்காத இடம் அது, மூடிய அடித்தளப் பெட்டியின் மேல்பகுதி, வெள்ளம் அதுவரை ஏறாது. அதைத் திறந்தால் எல்லாத் தாள்களையும் திரும்ப வரைய வேண்டும். இந்தத் தடவை எனக்கு நிம்மதி வரவில்லை, அவசரம்தான் வந்தது. நாளைக் காலை சபாபதியைக் கூப்பிட வேண்டும்.

"இங்க," என்றாள். "இந்த எடத்துல இருக்கேன். எதிர்த்தாப்புல நல்ல கல்லுல ஒரு பெஞ்ச் போடுங்க, சாஞ்சுக்கிற மாதிரி. வாங்க, ஒக்காருங்க, பேசுங்க. பேசி முடிச்சதும் வீட்டுக்குப் போங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் பார்க்க வேண்டாம் என்று இமைகளை மூடினேன்.

"கண்ண மூடாதீங்க," என்றாள். "மட்டம் தப்பிரும்."

திறந்தேன். எதிரே எல்லாம் கலங்கித் தெரிந்தது. அவள் கை மட்டும் அருகில் இருந்தது, மருந்தேற்றிக் கறுத்துப்போன நரம்புகளோடு. பென்சில் அட்டையில் உரசிக்கொண்டு, மீன் படத்தின் குறுக்கே, கொஞ்சம் நடுங்கி, கொஞ்சம் கீழே இறங்கி, திரும்ப ஏறி, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.